நிருபர் போர் வரலாறு எழுதலாமா? எந்தக் காகிதத்தில் தொடங்குவது?

கேள்வி: கனடாவில் நிருபராக வேலை செய்கிறேன். முதல் உலகப் போரில், 1917இல் பிரான்சின் விமி மேட்டில் இறந்த கனடியச் சிப்பாய் ஒருவரைப் பற்றி எழுத ஆசை. வரலாற்றுப் பட்டம் இல்லை. கனடிய எழுத்தாளர் பியர் பெர்ட்டன் மாதிரி பத்திரிகையிலிருந்து வரலாற்று எழுத்துப் பக்கம் வர முடியுமா? எங்கே தொடங்குவது?

பதில்: பெர்ட்டனும் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. 21 வயதில் வான்கூவர் நாளிதழ் ஒன்றில் நகரச் செய்தி ஆசிரியர். 1951இல் 'மெக்லீன்ஸ்' இதழுக்காகக் கொரியப் போர்முனைக்குப் போனார். இந்தச் சண்டையைப் பற்றிய அவரது 'விமி' நூல் வந்தபோது அவருக்கு வயது 66. ஆகவே பட்டம் பற்றிய கவலை வேண்டாம், அவசரமும் வேண்டாம்.

ஆனால் அவருக்கு இருந்த ஒரு வசதி உங்களுக்கு இல்லை. அவர் எழுதிய காலத்தில் விமியில் சண்டையிட்டவர்கள் சிலராவது உயிரோடு இருந்தார்கள். கனடாவின் கடைசி முதல் உலகப் போர் வீரர் ஜான் பாப்காக் 2010இல் காலமாகிவிட்டார். இனி காகிதம்தான் பேச வேண்டும்.

முதலில் சிப்பாயின் பணிக் கோப்பு. ஒட்டாவாவில் உள்ள கனடா நூலகமும் ஆவணக் காப்பகமும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெயரை மட்டும் போட்டால் ஒரே பெயரில் பலர் வருவார்கள். படைவீரர் எண் கிடைத்தால் தேடல் சட்டென்று முடியும்.

பலரும் சறுக்குவது அடுத்த படியில். கோப்பிலுள்ள சேர்க்கைப் படிவத்தில், அவர் முதலில் சேர்ந்த பட்டாலியன் (படைப்பிரிவு) பெயர் இருக்கும். அவர் அதில்தான் போரிட்டார் என்று எழுதிவிடுவார்கள். விமியில் நின்றது 4 டிவிஷன்கள், டிவிஷனுக்கு 12 வீதம் 48 காலாட்படை பட்டாலியன்கள். கனடாவில் திரட்டப்பட்டவையோ இருநூறுக்கும் மேல். மிச்சத்தில் பெரும்பாலானவற்றை இங்கிலாந்திலேயே கலைத்து, ஆட்களை முன்னணிப் பட்டாலியன்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எனவே கோப்பில் 'டி.ஓ.எஸ்.' (சேர்க்கப்பட்டார்), 'எஸ்.ஓ.எஸ்.' (நீக்கப்பட்டார்) என்ற குறிப்புகளைத் தேதிவாரியாக அடுக்கி, 1917 ஏப்ரல் 9 அன்று எந்தப் பட்டாலியனில் இருந்தார் என்று பாருங்கள். 'ஜி.எஸ்.டபிள்யூ.' என்றால் துப்பாக்கிக் குண்டுக் காயம் என்று முடிவு கட்டாதீர்கள்; வெடிகுண்டுச் சிதறலுக்கும் அதையே எழுதினார்கள். சேரும்போது சொன்ன வயதையும் நம்ப வேண்டாம்.

பிறகு அந்தப் பட்டாலியனின் போர் நாட்குறிப்பு, அதாவது படைப்பிரிவே நாள்தோறும் எழுதி வைத்த பதிவு. இதில் உங்கள் ஆளின் பெயரைத் தேடினால் ஏமாற்றம்தான். அதிகாரிகளுக்குத்தான் பெயர், சிப்பாய்கள் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கை. அன்றிரவே எழுதிய சேதக் கணக்கும் உத்தேசம்தான். 'காணவில்லை' என்றவர்களில் சிலர் மறுநாள் திரும்பி வருவார்கள். அதனால் இறப்பு விவரத்தை 'இறந்த சூழல்' பதிவேட்டோடும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலோடும் ஒப்பிடுங்கள்.

நாட்குறிப்பில் 'எஸ்.22.ஏ.4.6' மாதிரி ஒன்று வந்தால் அது பதுங்குகுழி வரைபடக் குறியீடு. எஸ் என்ற பெரிய கட்டத்துக்குள் 22ஆம் சதுரம், பக்கம் 1,000 கஜம். அதை நான்காகப் பிரித்தால் ஏ என்பது மேல் இடது கால்பகுதி, பக்கம் 500 கஜம். அதன் கீழ் இடது மூலையிலிருந்து கிழக்கே 4 பங்கு, வடக்கே 6 பங்கு. பங்கு ஒன்றுக்கு 50 கஜம். அதாவது 200 கஜம் கிழக்கே, 300 கஜம் வடக்கே. இரண்டு எண்களையும் மாற்றிப் படித்தால் ஆள் எதிரியின் குழிக்குள்ளேயே போய் நிற்பார். வரைபடத் தாளின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எஸ் எந்த எஸ் என்றே தெரியாது. ஹாமில்டனின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இந்த வரைபடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது.

மனிதக் குரல் வேண்டுமென்றால், 1960களில் சி.பி.சி. வானொலி எடுத்த முன்னாள் வீரர்களின் பேட்டிப் பிரதிகள் அதே ஒட்டாவா காப்பகத்தில் உள்ளன. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துப் பேசியவை. மழையும் சேறும் பயமும் எப்படி இருந்தன என்பதற்கு அவற்றை எடுங்கள்; மணிக்கும் இடத்துக்கும் நாட்குறிப்பையே நம்புங்கள்.