மிச்சம் இருந்த ரெண்டு நிமிஷம் (கடிதம்)

வணக்கம் சார்,

நீங்க 96 படப் பாட்டுகளைப் பத்தி எழுதினதைப் படிச்சேன். எனக்கு 51 வயசு. தளபதி, ரோஜா எல்லாம் கேசட்டா வாங்கின ஆளு. ஒரு பெட்டி நிறைய இன்னும் பரண்ல கெடக்கு, போட்டுக் கேக்கத்தான் ப்ளேயர் இல்ல. இப்ப வர்ற ஆல்பம் எதுவுமே மனசுல ஒட்ட மாட்டேங்குது. நானும் மெனக்கெட்டு புதுசா என்ன வந்திருக்குன்னு போட்டுப் பாக்குறேன், பத்து செகண்ட் போகும், கை தானா அடுத்த பாட்டுக்குப் போயிடுது. என் பொண்ணு "அப்பா, உங்களுக்கு வயசாயிடுச்சு, ஒத்துக்கோங்க"ங்கறா. நிஜமாவே வயசுதானா? இல்ல பாட்டு மோசமாயிடுச்சா?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார். திருநெல்வேலிக்காரர்.)

அன்புள்ள நண்பருக்கு,

பொண்ணு சொல்றதை உடனே ஒத்துக்காதீங்க. வயசுதான் காரணம்னா எனக்கு 19-லயே வயசாகியிருக்கணும். 1992-ல ரோஜா கேசட் வந்தப்ப நான் கேக்கவே மாட்டேன்னு அடம் புடிச்சவன். ஹாஸ்டல்ல எங்க ரூம் முழுக்க ராஜா வெறியனுங்க, முந்தின வருஷம் தளபதி வரைக்கும் அவரோட இருந்த மணிரத்னம் அடுத்த படத்துக்கே விளம்பர ஜிங்கிள் போட்டுட்டிருந்த ரஹ்மான்ங்கற ஒரு பையனைக் கூட்டிட்டு வந்துட்டாருன்னா எங்களுக்கு எப்படி இருக்கும். "இதெல்லாம் கம்ப்யூட்டர் சவுண்டுடா, ஆறு மாசம் தாங்காது"ன்னு கேக்காமலே தீர்ப்பு சொல்லிட்டேன். அப்ப எனக்கு மீசைகூட ஒழுங்கா வரல.

அப்புறம் ஒரு நாள் ஊருக்குப் போற பஸ்ல மாட்டிக்கிட்டேன். டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட், தலைக்கு மேல ஸ்பீக்கர், எந்திரிச்சுப் போகவும் இடமில்ல. புது வெள்ளை மழை ஆரம்பிக்குது, அந்த அடிச்சத்தம் வர்றப்பல்லாம் பக்கத்து ஜன்னல் கண்ணாடி ஃப்ரேமுக்குள்ள கிர்ர்ர்னு ஆடுது, நான் விரலை வச்சு அமுக்கிப் பாக்குறேன், விரல்ல அந்த அதிர்வு ஏறுது. சினிமாப் பாட்டுல அதுக்கு முன்னாடி அப்படி ஒண்ணை நான் கையால தொட்டதில்ல. இறங்குறதுக்குள்ள கேசட் ரெண்டு பக்கமும் ஓடி முடிஞ்சிருச்சு. அடுத்த வாரமே வாங்கிட்டேன், ஆனா ரூம்ல தெரிஞ்சா மானம் போகும்னு ராஜாவோட தேவர் மகன் டப்பாக்குள்ள போட்டு வச்சிருந்தேன். அந்த வருஷத்து சிறந்த இசைக்கான தேசிய விருதுக்கு இதே ரெண்டு படமும்தான் கடைசியில மோதிச்சு, ஓட்டு சமமா விழுந்து, கமிட்டித் தலைவரா இருந்த பாலு மகேந்திரா தன் ஓட்டை ரோஜாவுக்குப் போட்டார். அவரு யாரு, மூடுபனியில இருந்து தன் படங்களுக்குப் பெரும்பாலும் ராஜாவையே வச்சுக்கிட்ட மனுஷன். அவராலேயே முடிஞ்சிருக்கு, நான் டப்பா மாத்திட்டு அலைஞ்சேன்.

அதனால வயசு இல்லைங்க. நாம எதைக் கேக்குறதுன்னு நாமளே முடிவு பண்ணிட்டிருக்குற வரைக்கும் எந்த வயசுலயும் புதுசு ஒட்டாது, அவ்வளவுதான் எனக்குத் தோணுது. அந்த பஸ்ல ஸ்கிப் பட்டன் இருந்திருந்தா நானும் பத்து செகண்ட்ல மாத்தியிருப்பேன்.

உங்க கடிதத்துல தளபதின்னு பாத்ததும் எனக்கு ஞாபகம் வந்தது வேற ஒண்ணு. எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு ரெக்கார்டிங் கடை இருந்துச்சு. கோடு போட்ட நோட்டுத் தாள்ல வேணுங்கற பாட்டை எழுதிக் குடுத்துட்டு, ஒரு 60 கேசட்டும் குடுத்துட்டு வந்தா ரெண்டு நாள் கழிச்சு ரெடி. ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம், அதுக்குள்ள ஆறு பாட்டு, தப்பினா ஏழு. அதை வீட்டுல உக்காந்து கூட்டிக் கழிச்சு எழுதுவோம், இருந்தாலும் கடைசிப் பாட்டு சரணத்துல டொப்புனு நிக்கும், இல்லன்னா கடைசியில கொஞ்சம் இடம் மிஞ்சும். ஒரு தடவை நான் எழுதிக் குடுத்தது எல்லாம் ராக்கம்மா கையத் தட்டு மாதிரி ஆட்டம் போடுற பாட்டு. வாங்கிட்டு வந்து போட்டா பி சைடு முடியிற எடத்துல, நான் கேக்காத ஒரு பாட்டு. யமுனை ஆற்றிலே. தளபதியில வருமே, ரெண்டு நிமிஷம்கூட வராத அந்தக் குட்டிப் பாட்டு. மறுநாள் கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போனேன், அவர் தலைகூட நிமிரல, "இடம் மிச்சம் இருந்துச்சு தம்பி, போட்டேன்"னார்.

அந்தப் பாட்டு புடிச்சிருச்சுன்னு வைங்க, அப்பதான் கஷ்டமே. அதை மட்டும் கேக்கலாம்னு ஃபார்வர்ட் அமுக்கினா தாண்டிப் போயிடும், திருப்பி சுத்தினா முந்தின பாட்டு நடுவுல நிக்கும். பேட்டரி தீந்துடும்னு பால்பாயிண்ட் பேனாவைச் சொருகி கையால சுத்துவேன். கடைசியில சலிச்சுப்போய் மொத்த பி சைடையும் கேட்டுட்டுதான் அதுக்கு வருவேன். இப்பவும் ராக்கம்மா எங்கயாவது ஓடினா இன்னும் அஞ்சு பாட்டு தள்ளி யமுனை வருதுன்னு காது எதிர்பாக்குது, கேசட் போயே இருபது வருஷம் இருக்கும்.

2018-ல 96 பாக்கப் போனேன். படம் பூரா ராம் அந்தப் பாட்டைப் பாடு பாடுன்னு கேக்குறான், ஜானு பாடவே மாட்டேங்கறா, கடைசியில கரண்ட் போன இருட்டுல மியூசிக் எதுவும் இல்லாம வெறும் குரல்ல யமுனை ஆற்றிலேன்னு எடுக்குறா. தியேட்டர்ல விசில் பறக்குது, நான் மட்டும் அந்தக் கடைக்காரரை நெனச்சுட்டு உக்காந்திருந்தேன். தளபதின்னா எல்லாருக்கும் ராக்கம்மாவும் சுந்தரியும்தான், இது ஓரமாக் கெடந்த பாட்டு, 27 வருஷம் கழிச்சு ஒரு புதுப் படம் அதுமேலயே நிக்குது. அதுக்கு நடுவுல கோவிந்த் வசந்தா போட்ட புது ஆல்பமும் கெட்டிதான். பிரதீப் குமார் பாடின லைஃப் ஆஃப் ராம் எனக்கு முதல் தடவை ஒண்ணும் பண்ணல, மூணாவது தடவை ஒரு மழை நாள்ல வண்டி ஓட்டிட்டுப் போறப்பதான் விழுந்தேன்.

இதே மாதிரி இன்னொண்ணு, 1986-ல எங்க அண்ணன் ஹவ் டு நேம் இட்னு ராஜாவோட வாத்திய இசை கேசட் வாங்கிட்டு வந்து போட்டுட்டு "பாட்டே இல்லடா, காசு போச்சு"ன்னு தூக்கி ஓரமா வச்சார். அட்டையில தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் (Bach) சமர்ப்பணம்னு இருக்கும், எங்க வீட்டுல பாக்குன்னா வெத்தலைக்குப் போடுறதுதான். அதுல வாசிச்ச நரசிம்மன் சாரோட வயலின் என்னை வந்து சேர பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அது பழைய ஆல்பமா புது ஆல்பமா, நீங்களே சொல்லுங்க.

இன்னிக்கு வர்றதுல குப்பை நிறைய இருக்கு, இல்லன்னு சொல்லல. ரீல்ஸுக்குன்னே அளவு எடுத்துத் தைச்ச பாட்டு முதல் வரி தாண்டினா ஆள் இல்லாம கெடக்கும். அப்பவும் குப்பை இருந்துச்சு, பரண்ல இருக்குற உங்க பெட்டியைக் கிண்டினா பேர்கூட ஞாபகம் வராத பத்து கேசட்டாவது கெடைக்கும். ஆப் தானா அடுத்த பாட்டு போடுதேன்னு கேப்பீங்க. அது நான் ஏற்கெனவே கேட்டதோட சாயல்லயேதான் தேடிக் குடுக்குது, ராக்கம்மா கேட்டவனுக்கு இன்னொரு ராக்கம்மா. யமுனையைக் குடுக்காது.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. பொண்ணுகிட்ட ஒரு மணி நேரத்துக்கு பாட்டு லிஸ்ட் கேளுங்க, சைடுக்கு 30 நிமிஷம்னு கணக்குச் சொல்லிடுங்க, எல்லாம் கடைசி சில வருஷத்துல வந்ததா இருக்கட்டும். மெய்யழகன்ல கமல் பாடின போறேன் நான் போறேன் அவ லிஸ்ட்ல வரலன்னா நான் சொன்னேன்னு சேர்த்துக்கோங்க. போனை எட்டாத எடத்துல சார்ஜ்ல போட்டுட்டுக் கேளுங்க. கடைசியில ரெண்டு நிமிஷம் மிஞ்சினா அவ இஷ்டத்துக்கு எதையாவது போடச் சொல்லுங்க, உங்ககிட்ட கேக்காம. என்ன போட்டான்னு எனக்கும் ஒரு வரி எழுதிடுங்க.