சிப்பாயின் ஆல்பம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஜெர்மனியின் லைப்சிக்கில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். இங்குள்ள பழைய சாமான் சந்தையில் இரண்டாம் உலகப்போர் காலத்து ஆல்பம் ஒன்றும், அதே ஆளுடையது என்று சொல்லி வேர்பாஸ் என்ற ராணுவப் பதிவுப் புத்தகம் ஒன்றும் வாங்கினேன். விற்றவர் 'எஸ்.எஸ். அதிகாரியுடையது' என்றார். ஒரு படத்தில், ஏதோ ஒரு முற்றத்தில் உடல்கள் வரிசையாகக் கிடக்கின்றன, ஜெர்மன் சிப்பாய்கள் சுற்றி நிற்கிறார்கள். கீழே 'ருஷ்யா 1941' என்று மட்டும் எழுதியிருக்கிறது. விற்றவர் சொன்னதைச் சரிபார்க்க வழி உண்டா? இதையெல்லாம் வீட்டில் வைத்திருக்கலாமா? மனைவிக்குத் துளியும் பிடிக்கவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விற்றவர் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். இந்தச் சந்தையில் எஸ்.எஸ். (ஹிட்லரின் நாஜிக் கட்சியின் தனிப்படை) என்ற இரண்டு எழுத்துக்குத் தனி விலை உண்டு, சாதாரணக் காலாட்படை ஆளின் காகிதத்தை யாரும் அந்த விலைக்கு வாங்க மாட்டார்கள், அதனால் எல்லா ஆல்பமும் எஸ்.எஸ். அதிகாரியின் ஆல்பமாகிவிடுகிறது.

கையில் வேர்பாஸ் இருப்பது நல்லது. ஜெர்மன் சிப்பாய்க்கு இரண்டு புத்தகங்கள். சோல்ட்புக் என்பது அவன் சட்டைப்பையிலேயே இருப்பது. சம்பளம், தடுப்பூசி, ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள், வாங்கிய உடுப்பு எல்லாம் அதில் இருக்கும். வேர்பாஸ் படையில் சேரும்வரை அவனிடம் இருக்கும், சேர்ந்ததும் அவனுடைய பிரிவின் அலுவலகத்துக்குப் போய்விடும், அவன் செத்தால் குடும்பத்துக்கு வரும். வேர்பாஸ் படங்களில் பெரும்பாலும் ஆள் சீருடையில் இல்லாமல் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருப்பதும் இதனால்தான், சேருவதற்கு முன்பே எடுத்த படம் அது. உள்ளே எந்தெந்தப் பிரிவில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தான் என்று குமாஸ்தாக்கள் எழுதியிருப்பார்கள். பின்பக்கங்களில் கலந்துகொண்ட சண்டைகளின் பட்டியலும் தேதியோடு இருக்கும். ஆல்பத்தைத் திறப்பதற்கு முன் அந்தப் பக்கங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து பழைய ஜெர்மன் பாணியில் இருந்தால் உங்கள் ஆபீஸில் யாருக்கும் படிக்க வராது, பள்ளிகளில் அதை 1941-லேயே நிறுத்திவிட்டார்கள். வயதான பக்கத்து வீட்டுக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

போலியா என்று பார்க்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். பல வருடம், பல ஊர், பல குமாஸ்தா கை பட்ட புத்தகம் ஒரே மசியில் ஒரே கையெழுத்தில் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். தாள்களைப் பிணைத்த இரும்புப் பின் துருவேறி, பக்கத்துக் காகிதத்திலும் பழுப்பு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் காகிதம் பளீரென்று நீலமாக ஒளிர்கிறது என்றால் போருக்குப் பிந்தைய காகிதம் என்றே வைத்துக்கொள்ளலாம், வெண்மையூட்டும் ரசாயனம் சேர்ப்பது பரவலானது அதற்கப்புறம்தான்.

அடுத்து படம். ராணுவத்தார் கழுகுச் சின்னத்தை வலது மார்பில் தைத்திருப்பார்கள், ஆயுத எஸ்.எஸ். (எஸ்.எஸ்.ஸின் போர்முனைப் பிரிவு) ஆட்கள் இடது கையின் மேல்பகுதியில். கழுகு இடது மார்பில் தெரிந்தால் அவசரப்பட வேண்டாம், நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சடித்திருக்கலாம், சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் மூடுகிறது என்று பாருங்கள். லென்ஸ் வைத்து பெல்ட் பக்கிளையும் படியுங்கள்: ராணுவத்தினுடையதில் 'கடவுள் நம்மோடு', எஸ்.எஸ்.ஸினுடையதில் 'என் மானம் விசுவாசம்' என்று ஜெர்மனில் பொறித்திருக்கும்.

இது எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு சிக்கல் மிச்சம். சிப்பாய்கள் படங்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். ஒருவன் எடுப்பான், மற்றவர்கள் பிரதி கேட்டு வாங்கி ஊருக்கு அனுப்புவார்கள், பின்பக்கம் பென்சிலில் ஒரு எண் இருந்தால் பிரதி கேட்டபோது போட்டதாக இருக்கலாம். ஆக உங்கள் ஆள் அந்த முற்றத்தில் நின்றிருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

அந்த முற்றத்துப் படத்துக்கு வருகிறேன். இதே மாதிரிப் படங்களால் ஜெர்மனியே ஒருமுறை அல்லோலகல்லோலப்பட்டது. ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் 1995-ல் வேர்மாக்ட் எனப்பட்ட ஹிட்லர் கால ஜெர்மன் ராணுவத்தின் குற்றங்கள் பற்றி ஒரு கண்காட்சி தொடங்கி ஊர் ஊராகக் கொண்டுபோனது. போர்க்குற்றமெல்லாம் எஸ்.எஸ். செய்தது, சாதாரண ராணுவம் சுத்தம் என்று அதுவரை வீடுகளில் சொல்லிவந்த கதையை அது உடைத்தது, தெருவில் ஆதரவும் எதிர்ப்புமாக ஊர்வலங்கள் நடந்தன. 1999-ல் போக்தான் முசியால் என்ற போலந்து வரலாற்றாய்வாளரும் கிறிஸ்டியான் உங்வாரி என்ற ஹங்கேரிக்காரரும் சில படங்களின் விளக்கம் தப்பு என்று காட்டினார்கள். முசியால் சொன்னது கிழக்கு கலீசியா (இன்றைய மேற்கு உக்ரைன்) ஊர்களைப் பற்றி. 1941 ஜூன் கடைசியில் சோவியத் ரகசியப் போலீஸ் பின்வாங்கும்போது அங்கே சிறைக்கைதிகளைக் கொன்றுவிட்டுப் போனது. ஜெர்மானியர் வந்ததும் உள்ளூர் யூதர்களைப் பிடித்துவந்து அந்த உடல்களைத் தோண்டி எடுத்துக் கிடத்த வைத்தார்கள், படம் எடுத்தார்கள், அப்புறம் பழியை யூதர்கள்மேல் போட்டு அவர்களையும் கொன்றார்கள். கிடப்பது யார், கொன்றது யார் என்பது ஒரே முற்றத்தில் சில மணி நேரத்துக்குள் மாறிவிடும், படத்தைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. கண்காட்சியை நிறுத்தி நிபுணர் குழு போட்டார்கள். 1433 படங்களில் 20-க்கும் குறைவானவையே அங்கே வந்திருக்கக் கூடாதவை என்றும், கண்காட்சியின் அடிப்படை வாதம் சரியே என்றும் குழு 2000-ல் சொன்னது. புதிதாகச் செய்த கண்காட்சி 2001-ல் வந்தது. எதிர்ப்பாளர்கள் அந்த 20-ஐ மட்டும் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

அதனால் உங்கள் படத்தை 'ஜெர்மானியர் கொன்றவர்கள்' என்றும் சொல்ல வேண்டாம், 'ருஷ்யர்கள் கொன்றவர்கள்' என்றும் சொல்ல வேண்டாம். 'ருஷ்யா 1941' என்று எழுதியவன் கிழக்கு கலீசியாவின் லெம்பர்கையும் (இன்றைய லிவிவ்) ருஷ்யா என்றுதான் எழுதியிருப்பான். முன்னும் பின்னும் உள்ள படங்கள், அவற்றின் வரிசை, பின்னால் தெரியும் சுவர், வேர்பாஸில் அந்த வாரத்தில் அவன் பிரிவு இருந்த இடம், இவைதான் துப்பு. எனவே ஆல்பத்தை அக்கக்காகப் பிரிக்காதீர்கள். வியாபாரிகள் ஆல்பத்தைக் கிழித்து டாங்கி படம் தனி, அதிகாரி படம் தனி என்று விற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறெரிகிறது, கொள்ளை லாபம், ஆனால் அதற்கப்புறம் அந்தப் படங்களை எந்த ஆண்டவனாலும் அடையாளம் காண முடியாது. ஒட்டியிருப்பதைப் பிய்க்காமல், பக்கம் பக்கமாக முழுதாக ஸ்கேன் செய்யுங்கள், மூலையில் செருகிய படமென்றால் மெல்ல எடுத்துப் பின்பக்கத்தையும்.

வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றமில்லை. ஸ்வஸ்திகா தெரியப் பொதுவெளியில் காட்டுவதுதான் ஜெர்மன் குற்றவியல் சட்டம் 86ஏ-யில் வரும் (சந்தையில் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பது இதற்குத்தான்). ஆய்வுக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு, ஆனால் ஃபேஸ்புக்கில் பெருமையாகப் போட்டுவிட்டு ஆய்வு என்று வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். ஆளின் பெயரை வைத்து பெர்லினில் விசாரிக்கலாம். முன்பு தனி அலுவலகமாக இருந்த படைவீரர் ஆவணங்கள் 2019 முதல் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தின் கீழ் இருக்கின்றன. பதில் வர மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும்.

மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உடல்கள் கிடக்கும் படம் ஹாலில் இருக்க வேண்டிய பொருள் அல்ல. ஸ்கேன் முடிந்ததும் ஆல்பத்தையும் வேர்பாஸையும் பிரிக்காமல், எங்கே யாரிடம் வாங்கினீர்கள், என்ன சொல்லி விற்றார் என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வைத்து, ஏதாவது நினைவிடக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. மறுபடி விற்க மட்டும் விற்காதீர்கள்.