திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறவர் செஸ்னாவில் ஏறலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறேன். என் கல்லூரி நண்பன் போன வருடம் பைலட் லைசென்ஸ் வாங்கினான். ஜூலையில் விமான கிளப்பிலிருந்து செஸ்னா 172 என்ற சின்ன விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ரைட் சகோதரர்கள் பறந்த, கிழக்குக் கடற்கரையில் இருக்கும் கிட்டி ஹாக் வரைக்கும் போய்த் திரும்பலாம், செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்கிறான். எனக்கு 9 நாள் லீவு. மனைவி கூடவே கூடாது என்கிறாள். என்ன செய்யட்டும்?

பதில்: போங்கள். ஆனால் ஜூலையில் வேண்டாம், அக்டோபரில் போங்கள், அந்த 9 நாள் கணக்கோடும் வேண்டாம்.

கணக்கைப் பார்ப்போம். 172 மணிக்கு ஏறத்தாழ 200, 210 கிலோமீட்டர் போகும். சியெர்ரா நெவாடா, ராக்கி மலைகளுக்கு மேலே நேர்கோடு போட்டுப் போகிற சக்தி அதற்குக் கிடையாது என்பதால் அனேகமாக உங்கள் நண்பர் தெற்கே இறங்கி அரிசோனா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் வழியாகத்தான் போவார், அப்படிப் போனால் ஒரு பக்கத்துக்கே ஆகாயத்தில் 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜூலையில் அந்தப் பக்கமெல்லாம் மத்தியானத்துக்கு மேல் இடி மழை. விடியற்காலையில் கிளம்பி நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும். ஆக, எல்லாம் நல்லபடியாக நடந்தாலே போக 4 நாள். அமெரிக்காவில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும், அதனால் போகும்போது தள்ளிவிடுகிற அதே காற்று திரும்பும்போது முகத்தில் அடிக்கும். லீவு தீரத் தீர வேகமும் குறைகிறது, புரிகிறதா? எட்டாவது நாள் டெக்சாஸில் எங்கோ ஒரு சின்ன ஏர்போர்ட்டில், எதிரே கறுப்பு மேகம், திங்கட்கிழமை மீட்டிங். நீங்கள் வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டாம், போனை எடுத்து மணி பார்த்தாலே போதும், உங்கள் நண்பர் "சரி, முயற்சி பண்ணலாம்" என்று கிளம்பிவிடுவார்.

மிகைப்படுத்தவில்லை. 1996-ல் ஜெசிகா டப்ராஃப் என்ற 7 வயதுச் சிறுமி கலிபோர்னியாவிலிருந்து மாசசூசெட்ஸுக்கு ஒரு சின்ன செஸ்னாவில், சாதனை படைக்க, கிளம்பினாள். கூட அப்பாவும், விமானத்துக்குப் பொறுப்பான பயிற்சியாளரும். வழியெல்லாம் பேட்டி, கேமரா. ஏப்ரல் 11 காலை, 6,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கும் வயோமிங் மாநிலத்து ஷயென் ஊரில், இடி மழை வந்துகொண்டிருக்கும்போதே, அளவுக்கு மீறிய எடையோடு கிளம்பினார்கள். மூன்று பேரும் இறந்தார்கள். மோசமாகிக்கொண்டிருந்த வானிலையில் கிளம்ப முடிவெடுத்தது பயிற்சியாளர்தான் என்று சொன்ன விசாரணை அறிக்கை, போட்டுவைத்த பயணத் திட்டத்தை விடக்கூடாது என்ற நினைப்பையும் காரணங்களில் ஒன்றாக எழுதியது. இத்தனைக்கும் ஓட்டத் தெரியாதவர் இல்லை அவர்.

அதனால் கிளம்புமுன் ஒரு வேலை செய்யுங்கள். வரும்போது எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் சாதாரண விமானத்தில் ஏறி வீட்டுக்கு வரத் தனியாகப் பணம் ஒதுக்கி, அதை நண்பரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். "நீ இன்னிக்கு வேண்டாம்னா வேண்டாம், நான் டிக்கெட் போட்டுக்கிறேன்" என்று கேட்ட பைலட்டுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா! கிளப்புக்கு விமானத்தை எந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் கேளுங்கள். உங்கள் நண்பருக்கும் ஒரு திங்கட்கிழமை இருக்கலாம்.

இன்னும் இரண்டு கேள்வி, கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதாவது வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி, இருக்கிறதா? இல்லையென்றால் அவர் மேகத்துக்குள் போகவே கூடாது, சட்டப்படியும் சரி, உயிரோடு இருக்க வேண்டுமென்றாலும் சரி. உயரமான, வெயில் காயும் ஊரில் ஏறி இறங்கியிருக்கிறாரா? ஆல்புகெர்க்கி 5,300 அடிக்கு மேலே இருக்கிறது. ஜூலை வெயிலில் காற்று லேசாகி, என்ஜினும் இறக்கையும் சான் ஹோசேயில் நடந்துகொண்ட மாதிரி நடந்துகொள்ளாது. மழுப்பினார் என்றால் முதலில் பக்கத்தில் இருக்கும் மான்டெரே வரை ஒரு நாள் போய் வாருங்கள், அக்டோபருக்குள் அவர் ஒரு பயிற்சியாளரோடு அந்தப் பக்கம் பறந்துவிட்டு வரட்டும்.

பணம்: பெட்ரோல், ஆயில், வாடகை, ஏர்போர்ட் கட்டணம் எல்லாம் சேர்த்து, இரண்டு பேர் என்றால் பாதிக்கு மேல் நீங்கள் கொடுக்கக் கூடாது. பிரைவேட் லைசென்ஸ்காரர் தன் பங்கைக் கட்டியே ஆக வேண்டும் என்பது அமெரிக்க விதி. பாசத்தில் முழுதும் நானே தருகிறேன் என்று கிளம்பினால் அவர் லைசென்ஸுக்குத்தான் வேட்டு.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். அவர் பயப்படுவதில் தப்பே இல்லை, பெரிய விமானக் கம்பெனிகளின் பாதுகாப்பு இந்தச் சின்ன விமானங்களுக்குக் கிடையாது, அதை மறைத்துப் பேசாதீர்கள். உங்கள் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை இரண்டு பேருமாக உட்கார்ந்து படியுங்கள், தனியார் விமானப் பயணத்துக்குப் பணம் கிடையாது என்று சில பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். அப்புறம் நண்பரைச் சாப்பிடக் கூப்பிட்டு, மனைவியே அவரிடம் எல்லாவற்றையும் கேட்கட்டும். அதன் பிறகும் வேண்டாம் என்றால் நான் உங்கள் மனைவி பக்கம்.

போவதென்று முடிவானால் சூட்கேஸ் வேண்டாம், துணிப் பை. வீட்டிலேயே எடை போட்டு, உங்கள் எடையையும் குறைக்காமல் சொல்லுங்கள், அவர் அதை வைத்துத்தான் பெட்ரோல் கணக்குப் போடுவார். விமானத்தில் கழிப்பறை கிடையாது, காலைக் காபியை அளந்து குடியுங்கள். கிட்டி ஹாக் நினைவிடத்தை ஒட்டியே 3,000 அடி ரன்வே ஒன்று இருக்கிறது, ஆனால் அங்கே பெட்ரோல் கிடைக்காது. பக்கத்தில் மான்டியோவில் நிரப்பிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.