கேள்வி – பதில்: ஜி.பி.ஏ. கணக்கிடுவது எப்படி?

கேள்வி: நான் மஞ்சள் வெள்ளாமை செய்பவன். பெருந்துறைப் பக்கம் பொறியியல் படிக்கும் என் மகன் முதல் செமஸ்டரில் ஆறு பாடங்களில் பெற்ற புள்ளிகளைக் கூட்டி ஆறால் வகுத்தால் 8.33 வருகிறது. முடிவிலோ ஜி.பி.ஏ. (பத்துக்கு இத்தனை என்று காட்டும் செமஸ்டரின் சராசரிப் புள்ளி) 8.00 என்று இருக்கிறது. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா? (ஒரு வாசகர், சென்னிமலை)

பதில்: தாங்கள் அனுப்பிய விவரங்களின்படி கல்லூரியின் கணக்கே சரி. ஈரோட்டுச் சந்தையில் பத்துக் குவிண்டால் விரலி மஞ்சளையும் இரண்டு குவிண்டால் கிழங்கு மஞ்சளையும் வேறு வேறு விலைக்கு விற்றபின், சராசரி விலை காண இரு விலைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கமாட்டீர்கள். எடையால் பெருக்கித்தான் பார்ப்பீர்கள். பாடங்களுக்கு அந்த எடையாக இருப்பது கிரெடிட். வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட், இரண்டு மணி நேரச் செய்முறைக்கு ஒரு கிரெடிட் என்பது பொதுவான வழக்கமாதலால், ஆய்வகப் பாடங்களின் எடை குறைவாகவே இருக்கும்.

தங்கள் மகன் 4 கிரெடிட் கணிதத்தில் 6 புள்ளியும், தலா 3 கிரெடிட் உள்ள இயற்பியல், ஆங்கிலம், நிரலாக்கம் ஆகியவற்றில் முறையே 8, 9, 7 புள்ளிகளும், தலா 2 கிரெடிட் உள்ள இரண்டு ஆய்வகங்களில் பத்துப் பத்தும் பெற்றிருக்கிறார். கிரெடிட்டையும் புள்ளியையும் பெருக்கினால் 24, 24, 27, 21, 20, 20, கூட்டுத்தொகை 136. மொத்தக் கிரெடிட் 17. 136ஐ 17ஆல் வகுத்தால் 8.00 வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது கணிதம். அதில் 8 புள்ளி கிடைத்திருந்தால் ஜி.பி.ஏ. 8.47 ஆகியிருக்கும். ஆய்வகங்களில் முழுப் புள்ளி வாங்கும் மாணவர்கள் அதை நம்பிக் கணிதத்தைக் கைவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதைக் காட்டிலும், அடுத்த செமஸ்டரில் எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்று மகனுடன் உட்கார்ந்து பாடத்திட்டத்தைப் பார்ப்பது பயன் தரும்.

எல்லாச் செமஸ்டர்களுக்கும் சேர்த்துக் காணும் சி.ஜி.பி.ஏ.வுக்கும் இதே முறைதான். முதல் செமஸ்டரில் 17 கிரெடிட்டுக்கு 8.00, இரண்டாவதில் 24 கிரெடிட்டுக்கு 7.00 என்றால், விடை 7.50 அன்று, 304ஐ 41ஆல் வகுத்து வரும் 7.41 ஆகும்.

கேள்வி: என் தங்கை மகனுக்குக் கணிதத்தில் அரியர் இருக்கிறது. ஆனால் அவனுடைய ஜி.பி.ஏ. 8.62 என்று காட்டுகிறது. இது எப்படி? (ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: பெற்றோர் பலர் அறியாத இடம் இது. அண்ணா பல்கலைக்கழக விதிமுறைப்படி, தேறாத பாடம் தேறும் வரையில் ஜி.பி.ஏ. கணக்கில் சேர்வதில்லை. மேலே உள்ள மாணவரையே எடுத்துக்கொள்வோம். அவர் கணிதத்தில் தவறியிருந்தால், மீதி 112ஐ 13 கிரெடிட்டால் வகுத்து 8.62 வந்திருக்கும். அதாவது, தேறியவருக்கு 8.00, தவறியவருக்கு 8.62. பின்னர் அவர் அதே தாளை 5 புள்ளியுடன் தேறினால் எண் 7.76க்கு இறங்கும், முன்னேறிய பின்பு எண் இறங்குகிறதே என்று அந்தப் பிள்ளையைக் கடிந்துகொள்ளக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழு பரிந்துரைத்த பத்துப் புள்ளி அளவுகோலிலோ, தேறாத பாடத்துக்குச் சுழியம் இடுவார்கள். அவ்வாறு கணக்கிட்டால் இதே மாணவருக்கு 6.59தான் வரும்.

கொங்குப் பகுதியில் தன்னாட்சிக் கல்லூரிகள் மிகுதி. ஒவ்வொன்றும் தனக்கென ரெகுலேஷன் (படிப்பு, தேர்வு விதிமுறைகள்) வைத்திருப்பதால், மகன் சேர்ந்த ஆண்டின் ரெகுலேஷனைக் கல்லூரியில் கேட்டு வாங்கிப் படிக்குமாறு தங்கள் தங்கையிடம் சொல்லுங்கள். ஜி.பி.ஏ.வை மட்டும் பார்க்காமல், பதிவு செய்த கிரெடிட் எத்தனை, ஈட்டியது எத்தனை என்ற இரண்டு எண்களையும் ஒப்பிடச் சொல்லுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் சிறப்புடன் முதல் வகுப்புப் பெற சி.ஜி.பி.ஏ. 8.50 இருந்தால் மட்டும் போதாது, எல்லாத் தாள்களையும் முதல் முறையிலேயே தேறியிருக்கவும் வேண்டும்.

கேள்வி: வேலைக்கான விண்ணப்பத்தில் சதவீதம் கேட்கிறார்கள். சி.ஜி.பி.ஏ.வைப் பத்தால் பெருக்குவதா, 9.5ஆல் பெருக்குவதா? (ஒரு மாணவி, உடுமலைப்பேட்டை)

பதில்: 9.5 என்பது சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு வைத்திருந்த கணக்கு. கல்லூரிப் படிப்புக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் பட்டியலில் 6.25க்கு 55 சதவீதம், 7.75க்கு 70 சதவீதம் என்று இருக்கிறது, 0.75ஐக் கழித்துப் பத்தால் பெருக்கும் முறை அது. 81 வாங்கியவருக்கும் 90 வாங்கியவருக்கும் ஒரே 9 புள்ளி தரும் முறையில், புள்ளியிலிருந்து உண்மையான மதிப்பெண்ணைத் திரும்பப் பெற இயலாது. ஆகவே எந்தச் சூத்திரமும் ஓர் ஏற்பாடுதான். தங்கள் பல்கலைக்கழகம் மதிப்பெண் சான்றிதழின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் சூத்திரத்தையே பின்பற்றுங்கள். அங்கே இல்லையென்றால், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்துமூலம் சான்று பெற்று விண்ணப்பத்துடன் இணைத்துவிடுங்கள்.