மக்காச்சோள வீரிய ஒட்டு விதை உற்பத்தி: மணி பிடிப்பது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, விதை எடுக்கும் பெண் வரிசையில் கதிர் நன்றாக நீண்டு வருகிறது. ஆனால் நுனியில் மூன்று விரற்கடைக்கு மணியே இல்லை. உரம் போதவில்லையா?

உரத்தைக் குறை சொல்வதற்கு முன் அந்த நுனியை உற்றுப் பாருங்கள். சுருங்கிய குட்டி மணிகள் இருந்தால், கரு பிடித்த பிறகு தண்ணீரோ சத்தோ கிடைக்காமல் கருகிவிட்டது என்று அர்த்தம். ஒன்றுமே இல்லாமல் வெள்ளையாக இருந்தால் மகரந்தம் போய்ச் சேரவில்லை. கதிர் நுனியில் தொங்கும் குஞ்சத்தில் ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்கு உரியது. கதிரின் அடிப்பகுதி இழைகள் முதலில் வெளிவரும், நுனி இழைகள் கடைசியில்தான் வரும். அதற்குள் மகரந்தம் தரும் ஆண் வரிசை கொட்டி முடித்திருந்தால் நுனி பொக்கைதான்.

கேள்வி: அறுவடை வரை காத்திருக்காமல் இதை முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, செலவே இல்லை. பூத்து நாலைந்து நாள் ஆனதும் சில கதிர்களைப் பறித்து, மேலுறையை நீளவாக்கில் கத்தியால் மெல்லக் கீறி, இழை அறுபடாமல் பிரித்தெடுங்கள். அப்புறம் கதிரின் அடியைப் பிடித்து லேசாக உதறுங்கள். கரு பிடித்த மணியின் இழை இரண்டு மூன்று நாளில் தானாகக் கழன்றுவிடும், உதறினால் உதிரும். பிடிக்காதது ஒட்டிக்கொண்டே தொங்கும். வயலில் நாலு இடத்தில் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும்.

கேள்வி: ஆணும் பெண்ணும் ஒரே நாளில் பூத்தால் போதும்தானே அண்ணா?

பெண் ஓரிரு நாள் முந்தினால் இன்னும் நல்லது. இழை நாலைந்து நாள் சளைக்காமல் காத்திருக்கும், மகரந்தம் கிடைக்கும் வரை நீண்டுகொண்டே போகவும் செய்யும். மகரந்தமோ சூடான வறண்ட காற்றில் ஓரிரு மணி நேரம் தாங்கினால் பெரிது. அதனால் ஆண் செடியை இரண்டு தவணையாக விதைத்துக் கொட்டும் காலத்தை நீட்டுவதுதான் என் கட்சி.

பெண்ணையும் ஆணையும் விதைப்பதற்கு நடுவே விடும் இடைவெளியை நாட்காட்டியை மட்டும் நம்பிப் போடாதீர்கள். வெயில் பருவத்தில் சரியாக வந்த ஐந்து நாள் கணக்கை நான் ஒரு முறை குளிர் பருவத்தில் அப்படியே போட்டேன். குளிரில் அந்த ஐந்து நாளில் பயிருக்குக் கிடைத்த வெப்பம் குறைவு. பின்னால் விதைத்த ஆண் முந்திக்கொண்டு பூத்துவிட்டது. அந்தப் போகம் முழுக்கப் பொக்கைக் கதிர்தான்.

கேள்வி: எங்களுக்கும் இப்போது ஆண் முந்திவிட்டது. ஏதாவது செய்ய முடியுமா?

பெண் கதிரின் மேலுறை நுனியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டிவிடுங்கள், இழை சீக்கிரம் வெளிவரும். உள்ளிருக்கும் கதிர் நுனியில் கத்தி படக்கூடாது. தண்ணீர் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வறட்சியில் இழை இன்னும் தாமதமாகும்.

கேள்வி: பெண் செடியின் உச்சியில் வரும் ஆண் பூங்கொத்தை எடுக்கும்போது இலையும் சேர்ந்து வருகிறது. பரவாயில்லையா?

ஒன்றுக்கு மேல் போனால் விளைச்சல் குறையும். பூங்கொத்து இலையை விட்டு நன்றாக வெளியே வந்ததும், மகரந்தம் கொட்டுவதற்கு முன், அடியைப் பிடித்து நேர் மேலே இழுங்கள். பாதியில் ஒடிந்தால் மிச்சத்தையும் தேடி எடுக்க வேண்டும். கொட்டுகிற பகுதி ஐந்து சென்டிமீட்டர் இருந்தாலே பல விதைச்சான்று விதிகளில் அது முழுப் பூங்கொத்தாகக் கணக்காகும். பக்கக் கிளைகளில் ஒளிந்திருப்பதையும் விடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் வயலுக்குள் இறங்கத்தான் வேண்டும். ஒரு நாள் ஓய்வு எடுத்தால் தன் மகரந்தத்திலேயே மணி பிடித்துவிடும், அது ஒட்டு விதை ஆகாது.

கேள்வி: தேனீப் பெட்டி வைத்தால் விளைச்சல் கூடுமா?

கூடாது. தேனீ ஆண் பூவில் மகரந்தம் எடுக்கும், குஞ்சத்தில் அதற்கு ஒன்றும் இல்லாததால் அங்கே போகாது. இது காற்றின் வேலை. காற்றே இல்லாத நாளில், பனி ஈரம் காய்ந்த பிறகு முற்பகலில், ஆண் வரிசையில் நடந்து செடியைத் தட்டிவிடுங்கள். பூக்கும் நாட்களில் மருந்து தெளித்தே ஆக வேண்டுமென்றால் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாலு பெண்ணுக்கு இரண்டு ஆண் போடுகிறோம். ஆறுக்கு இரண்டு என்று மாற்றலாமா?

உங்கள் ஆண் ரகம் தாராளமாகக் கொட்டுமா, உயரமாக இருக்குமா? இரண்டுக்கும் ஆமென்றால் ஒரு ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். நடு வரிசைக் கதிரை உதறிப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

கேள்வி: மகரந்தச் சேர்க்கை முடிந்த பிறகு ஆண் வரிசையை என்ன செய்வது?

வெட்டி எடுத்துவிடுங்கள். பெண்ணுக்கு வெளிச்சமும் தண்ணீரும் கூடும், அறுவடையில் கலப்பும் வராது.