படபடப்புக்கெல்லாம் ஷாக் எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. சமைத்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடத்தது, பிரஷர் மெஷினில் துடிப்பு 180 என்று காட்டியது. மருத்துவமனையில் ஷாக் வைப்பார்கள் என்று பயந்தோம். அவர்களோ எஸ்விடி (இதயத்தின் மேல்பகுதியில் மின்துடிப்பு சுற்றிச் சுற்றி ஓடி வேகமாவது) என்று சொல்லி முதலில் ஒரு சிரிஞ்சை ஊதச் சொன்னார்கள், நிற்காததால் கையில் ஊசி போட்டார்கள். சில நொடி உயிரே போவது போல் இருந்ததாம், அப்புறம் சரியாகிவிட்டது. மறுபடி வந்தால் எங்கள் கொண்டோ லாபியில் இருக்கும், இதயம் நின்றால் ஷாக் கொடுக்கும் ஏஇடி கருவியை நாங்களே வைக்கலாமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம் சகோதரி. அம்மா கண் திறந்து பேசிக்கொண்டிருக்கும்வரை அந்தக் கருவியைத் தொடவே கூடாது. கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்கிற ஆளுக்குத்தான் ஏஇடி.

துடிப்பு 180 என்ற எண்ணைப் பார்த்ததும் கை நடுங்கும், ஆனால் நாங்கள் முதலில் பார்ப்பது எண்ணை அல்ல, ஆளை. நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, மயக்கம் வருகிறதா, உடம்பு சில்லென்று வியர்க்கிறதா, ரத்த அழுத்தம் இறங்கிவிட்டதா? இதில் ஒன்று இருந்து, அதற்கு அந்த வேகமான துடிப்புதான் காரணம் என்றால், தூக்க மருந்து கொடுத்து, துடிப்போடு இணைத்துக் குறைந்த அளவில் ஷாக் கொடுப்போம். உங்கள் அம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லாததால்தான் நிதானமாக ஊதச் சொல்லியிருக்கிறார்கள். 10 மில்லி சிரிஞ்சை 15 விநாடி ஊதவைத்து, உடனே மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் பத்துப் பேரில் நான்கு பேருக்கு அதிலேயே நின்றுவிடுகிறது. ஊசி பெரும்பாலும் அடினோசினாக இருக்கும். அது இதயத்தின் மின்பாதையைச் சில நொடி அடைத்துத்தான் சுழற்சியை நிறுத்துகிறது, அம்மா பயந்தது அந்த நொடிகளைத்தான்.

எல்லாப் படபடப்பும் இதே வகை இல்லை, அதனால்தான் ஷாக்கா, மருந்தா என்பதை ஈசிஜி பார்க்காமல் முடிவு செய்ய முடியாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் துடிப்பு தாறுமாறாக ஓடும், வீட்டு மெஷின் காட்டும் எண்ணையும் முழுசாக நம்ப முடியாது. அது 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்திருந்தால் இதயத்துக்குள் ரத்தக்கட்டி இருக்கலாம், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இல்லாமல் அவசரப்பட்டுத் துடிப்பைச் சீராக்கினால் அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று தயவுசெய்து குறித்து வையுங்கள். படபடப்பு இருக்கும்போது எடுத்த ஈசிஜி-யைக் கேட்டு வாங்கி, கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு அதுதான் பெரிய உதவி.

ஊதும் முறையை உங்கள் மருத்துவர் சரி என்று சொல்லிக் காட்டிக்கொடுத்தால் வீட்டில் செய்யலாம். கழுத்தைப் பிசைந்துவிடுவது வேண்டவே வேண்டாம். நிற்கவில்லை என்றாலோ மேலே சொன்ன அறிகுறி ஒன்று வந்தாலோ 999. அம்மாவைக் காரில் ஏற்றி ஜாலான் ஈப்போ நெரிசலில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பேரங்காடியில் ஒருவர் சுருண்டு விழுந்தால் ஏஇடி-யைத் தப்பாக வைத்துக் கொன்றுவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: பயப்படாதீர்கள், ஷாக் வேண்டுமா என்பதைக் கருவியே கண்டுபிடிக்கும். இதயம் வெறுமனே நடுங்கும் விஎஃப், நாடியில்லாமல் வேகமாக ஓடும் விடி, இவற்றுக்குத்தான் ஷாக் பலிக்கும். ஈசிஜி கோடு நேராகிவிட்டால் ஷாக் கிடையாது, நெஞ்சை அழுத்துவதும் மருந்தும்தான். விழுந்தவர் விட்டுவிட்டு இழுத்து மூச்சு வாங்கினால் ‘மூச்சு இருக்கிறதே’ என்று காத்திருக்காதீர்கள், அது இதயம் நின்றதன் அறிகுறி. 999-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள், ஒருவரை ஏஇடி எடுக்க ஓடவிடுங்கள், நீங்கள் நெஞ்சின் நடுவில் 5 செண்டிமீட்டராவது இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். நெஞ்சை அழுத்தாமல் விட்டால், ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. நெஞ்சு வியர்வையில் ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டுக் கருவியின் பட்டையை ஒட்டுங்கள், கருவி சொல்லும்போது மட்டும் கையை எடுங்கள், ஷாக் முடிந்ததும் உடனே மறுபடி அழுத்தத் தொடங்குங்கள்.