போர்ச் செய்தி தரும் தொலைக்காட்சி நிருபர்கள் நிஜமாகவே ஆபத்தில் நிற்கிறார்களா, அல்லது அது வெறும் நடிப்பா?

கேள்வி கேட்டவர் 2025 மே 8ஆம் தேதி இரவைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் கழித்தவராக இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். பாகிஸ்தானின் கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை தகர்த்துவிட்டது என்று பல சேனல்கள் அடித்துச் சொன்ன இரவு அது. விடிந்து பார்த்தால் துறைமுகம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவிலேயே பலரும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள்.

ஆபத்தும் உண்மை, நடிப்பும் உண்மை என்பதுதான் என் பதில். இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே பத்து நிமிடத்துக்குள் இருக்க முடியும். நான் பத்திரிகைத் துறையைச் சேர்ந்தவன் அல்லன், ஏ.சி. மெக்கானிக். ஆனாலும் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1989 முதல் நான்கு ஆண்டுகள் சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்தில், தஹ்ரானை ஒட்டிய ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தேன். 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அதன்பிறகு எங்கள் ஹோட்டலில் வியாபாரிகள் தங்கியிருந்த அறைகள் எல்லாம் வெள்ளைக்காரத் தொலைக்காட்சிக் குழுக்களால் நிரம்பின. அவர்கள் முதலில் கேட்டது மொட்டை மாடியைத்தான். டிஷ், விளக்கு, ஜெனரேட்டர், கயிறு கயிறாகக் கேபிள் என்று எல்லாம் எங்கள் சில்லர்களுக்கும் கூலிங் டவருக்கும் நடுவே வந்து குடியேறின. நேரலை தொடங்கினால் ஒருவர் ஓடி வந்து கம்ப்ரசரை நிறுத்தச் சொல்வார், சத்தம் மைக்கில் விழுகிறது என்று. ஜனவரி மாதக் குளிரில் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதால் நானும் நிறுத்தி நிறுத்திப் போட்டேன்.

ஈராக் ஏவும் ஸ்கட் ஏவுகணைகளில் விஷவாயு வரும் என்ற பயம் அப்போது எல்லோருக்கும் இருந்தது. அபாயச் சங்கு ஊதியவுடன் விருந்தினர்கள் அடித்தளத்துக்கு இறங்க வேண்டும் என்றும், வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் ஃபேன்களை உடனே நிறுத்த வேண்டும் என்றும் நிர்வாகம் உத்தரவு போட்டிருந்தது. ஃபேனைக் கீழே பேனலிலேயே நிறுத்திவிடலாம். ஆனால் காற்று நுழையும் டேம்பரைக் கையால்தான் மூட முடியும், அது இருப்பதோ மொட்டை மாடியில். ஆகவே எல்லோரும் கீழே இறங்கும் நேரத்தில் நான் மேலே ஏற வேண்டியிருந்தது. விருந்தினர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் முகமூடி கொடுத்தார்கள். பராமரிப்புப் பிரிவுக்கு அடுத்த லாட்டில் வரும் என்றார்கள். அந்த லாட் நான் ஊர் திரும்பும் வரை வரவில்லை. அந்த இரவுகளுக்கான ஓவர்டைமும் வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்றாலும், முப்பத்தைந்து ஆண்டுகளாக மனத்தில் கிடப்பதை ஒரு வரியாவது எழுதிவிடுகிறேன்.

அப்படி ஏறிய ஓர் இரவில் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. சங்கு ஊதியது, நான் டேம்பரின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தேன். விமானத் தளத்தின் பக்கமிருந்து, ஸ்கட்டை வானிலேயே தடுப்பதற்கான அமெரிக்கப் பேட்ரியட் ஏவுகணை ஒன்று கிளம்பிய ஓசையில் காலடியில் தளம் அதிர்ந்தது, பின்னாலேயே இன்னொன்று. மேகத்துக்குள் வெளிச்சம் பூத்தது, சில நொடி கழித்து இடி போல ஒரு சத்தம். பத்தடி தள்ளி நின்ற நிருபர் உண்மையிலேயே நடுங்கினார். அவர் கையிலிருந்த தாள் படபடத்ததை நான் பார்த்தேன். அந்த நடுக்கத்தில் நடிப்பு துளியும் இல்லை, எனக்கும் அதே நடுக்கம்தான்.

அபாயம் நீங்கியதற்கான சங்கு ஊதிய பிறகு நான் கீழே போகக் கிளம்பினேன். அவர் காலை ஒளிபரப்புக்காக இன்னொரு முறை பதிவு செய்யத் தொடங்கினார். முதல் முறை முகமூடி இல்லாமல் பேசியவர், இப்போது முகமூடியை அணிந்துகொண்டு, பாதியில் அதைக் கழற்றி, மூச்சு வாங்கி, 'இந்தக் கூரையில் நான் தனியாக நிற்கிறேன்' என்று தொடங்கினார். என் ஆங்கிலம் அப்போது அரைகுறைதான், ஆனால் தனியாக என்ற சொல் புரியாத அளவுக்கு மோசமில்லை. அவருக்கு எதிரே கேமராமேன், பக்கத்தில் ஒலிப்பதிவாளர், தரையில் உட்கார்ந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த தயாரிப்பாளர், பின்னால் கையில் ஸ்பேனரோடு நான். தயாரிப்பாளர் என்னைப் பார்த்து, படத்துக்குள் வருகிறாய், விலகு என்று கை காட்டினார். நான் விலகினேன். அவரும் தனியரானார்.

அவர் எந்த நாட்டவர், எந்தச் சேனல் என்பதை எழுதப் போவதில்லை. இப்படி எழுதுவதால் உயிரைக் கொடுத்த செய்தியாளர்களை நான் இழிவுபடுத்துவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2003 ஏப்ரல் 8ஆம் தேதி பாக்தாத்தின் பாலஸ்தீன் ஹோட்டல் மீது அமெரிக்க டாங்கி சுட்டதில் இறந்த இருவருமே கேமரா பிடித்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். தஹ்ரான் கூரையில் அந்த இரவு எனக்கு முகமூடி இல்லை என்பதைக் கவனித்துத் தன்னிடமிருந்த உபரி முகமூடியை மறுநாள் கொண்டு வந்து கொடுத்தவரும் அதே குழுவின் ஒலிப்பதிவாளர்தான். திரையில் முகம் காட்டும் வேலை ஒன்று, திரைக்குப் பின்னால் இருக்கும் வேலை வேறு. என் குறை முதலாவதைப் பற்றியது மட்டுமே.

தஹ்ரான் கூரைகளிலிருந்து பேசிய ஒருவருக்கு அந்தப் போர் நட்சத்திர அந்தஸ்தையே தேடித் தந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியான என்.பி.சி.யின் ஆர்தர் கென்ட் தோல் ஜாக்கெட்டும் அழகான முகமுமாக நின்றதால் 'ஸ்கட் ஸ்டட்' என்று பட்டம் வாங்கினார், அதாவது ஸ்கட் நாயகன். அவர் உழைப்பாளி நிருபர். பட்டத்தை அவரே சூட்டிக்கொள்ளவும் இல்லை. ஆனால் ஏவுகணையின் பெயரும் ஆணழகும் ஒரே பட்டத்தில் சேர்ந்தபோது, மக்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்துவிட்டது. இத்தனைக்கும் அந்தப் போரில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் முதல் இரவுச் செய்தி, பாக்தாத்தின் அல் ரஷீத் ஹோட்டலிலிருந்து சி.என்.என். மூவர் தொலைபேசி வழியே சொன்னது. அதில் நேரடிப் படம் கிடையாது, குரல் மட்டும்தான்.

இனி, நிருபரின் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன். ஒவ்வொரு வெளிச்சத்தையும் நிருபர்கள் ஸ்கட் வீழ்ந்ததாகவே சொன்னார்கள். நானும் நம்பினேன், கூரையில் கை தட்டியும் இருக்கிறேன். 1991 பிப்ரவரி 15ஆம் தேதி பேட்ரியட் தயாரிக்கும் தொழிற்சாலைக்கே போய், 42 ஸ்கட்களை எதிர்கொண்டு 41ஐத் தடுத்துவிட்டோம் என்றார் அமெரிக்க அதிபர் புஷ். போர் முடிந்த பின் எம்.ஐ.டி. பேராசிரியர் தியடோர் போஸ்டல், தொலைக்காட்சிக் குழுக்கள் எடுத்த அதே ஒளிநாடாக்களைப் படம் படமாக நிறுத்திப் பார்த்து, பேட்ரியட்கள் பெரும்பாலும் இலக்கைத் தவறவிட்டன என்று வாதிட்டார். அமெரிக்க ராணுவமும் 1992இல் தன் கணக்கைச் சவூதியில் 70 சதவீதம், இஸ்ரேலில் 40 சதவீதம் என்று இறக்கிக்கொண்டது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்போ, ஸ்கட்டின் வெடிமுனை அழிந்ததற்கு உறுதியான சான்று 9 சதவீத மோதல்களில்தான் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. போஸ்டலின் கணக்கை ராணுவம் கடைசி வரை ஏற்கவில்லை, அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் செய்தி முழுவதும் அந்த நாடாவிலேயே பதிவாகியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான். நிருபரின் தோளுக்கு மேலே தெரிந்த வானம்தான் செய்தி, நாங்களோ அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரி 25ஆம் தேதி இரவு, படைவீரர்கள் தங்கியிருந்த கிடங்கு ஒன்றின் மீது ஒரு ஸ்கட் விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். தஹ்ரானில் இருந்த பேட்ரியட் அன்று ஏவப்படவே இல்லை. அதன் கணினி 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியதில் கடிகாரம் மூன்றில் ஒரு நொடி பிசகி, வரும் ஏவுகணையைத் தவறான இடத்தில் தேடியது. பிழையைத் திருத்தும் மென்பொருள் மறுநாள்தான் வந்து சேர்ந்தது. கூரையில் முகமூடி கழற்றும் காட்சியை எத்தனை முறை எடுத்தாலும் இந்த மூன்றில் ஒரு நொடியை யாராலும் காட்டியிருக்க முடியாது என்பது சரிதான். ஆனால் 'ஒன்றும் தப்பவில்லை' என்று அதுவரை சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

இந்த இடத்தில் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1991 கடைசியில் விடுப்பில் ஊருக்கு வந்தபோது, ஸ்கட் பக்கத்துத் தெருவில் விழுந்ததாகச் சொன்னேன். உண்மையில் நான் தங்கியிருந்த இடத்துக்குப் பல கிலோமீட்டருக்கு அப்பால் விழுந்தது. வானொலியில் தஹ்ரான் என்ற பெயர் வரும்போதெல்லாம் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போன என் அம்மாவுக்கு அது பக்கத்துத் தெருவாகவேதான் இருந்திருக்கும். அவருக்காகச் சொன்னேன் என்றால் அது பொய். டீக்கடையில் எல்லோரும் என்னைப் பார்த்ததற்காகச் சொன்னேன். அடுத்த விடுப்பில் அது பக்கத்துக் கட்டடமாயிற்று.

என்.பி.சி.யின் பிரையன் வில்லியம்ஸ் கதையைப் படித்தபோது அதனால்தான் எனக்குக் கோபத்தைவிடக் கூச்சம் அதிகமாக வந்தது. 2003இல் ஈராக்கில், முன்னால் போன ஹெலிகாப்டர் தாக்கப்பட்டது என்று சொன்னவர், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த ராக்கெட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டே வந்து, 2015 ஜனவரியில் தாம் பயணம் செய்த ஹெலிகாப்டரே தாக்கப்பட்டது என்று செய்தி வாசிப்பிலேயே சொல்லிவிட்டார். தாக்கப்பட்ட ஹெலிகாப்டரில் இருந்த வீரர்கள் எதிர்த்துப் பேசினார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார், ஆறு மாதம் சம்பளமில்லாமல் நிறுத்திவைக்கப்பட்டார். நான் டீக்கடையில் சொன்னேன், அவர் ஒரு தேசத்துக்கே சொன்னார். ஆசை ஒன்றுதான், அளவுதான் வேறு. ஆனால் அளவு இங்கே சிறிய விஷயமில்லை. என் பொய்யால் யாருக்கும் தீங்கு வரவில்லை. 2025 மே மாதம் ஜம்மு காஷ்மீரின் பூஞ்சில் பாகிஸ்தான் குண்டு வீச்சில் இறந்த மதரசா ஆசிரியர் ஒருவரைச் சில சேனல்கள் கொல்லப்பட்ட பயங்கரவாதி என்று காட்டின. பூஞ்ச் காவல்துறையே அதை மறுத்து அறிக்கை விட வேண்டியிருந்தது. நம் குண்டு வீழ்த்திய எதிரி ஒருவர் அந்த இரவில் திரைக்குத் தேவைப்பட்டார், நம் பக்கத்தில் இறந்த ஒருவரின் படம் அதற்குப் பயன்பட்டது. மும்பைத் தாக்குதலை நேரலையாகக் காட்டிய சேனல்களைக் கசாப் வழக்குத் தீர்ப்பில் 2012 ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்திருந்தது என்பதையும் சேர்த்தே நினைத்துப் பாருங்கள்.

அந்த மே மாத இரவில் நான் பரமக்குடியில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சேனலில் திடீரென்று அபாயச் சங்கு ஊதியது. யோசிப்பதற்கு முன்பே எழுந்து, ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஜன்னல் கதவைச் சாத்தப் போய்விட்டேன். 'டிவியிலதாங்க, உட்காருங்க' என்றாள் மனைவி. விறுவிறுப்புக்காகச் சேர்த்த ஒலி அது. உண்மையான சங்கை மக்கள் சட்டை செய்யாமல் போய்விடுவார்கள் என்பதால், நிகழ்ச்சிகளில் சங்கொலியைப் பயன்படுத்த வேண்டாம் என்று மத்திய அரசின் குடிமைப் பாதுகாப்பு இயக்குநரகம் மே 10ஆம் தேதி ஊடகங்களைக் கேட்டுக்கொண்டது. எங்கள் வீட்டில் அதற்கு முன்பே ஒலியை முழுவதுமாகக் குறைத்துவிட்டோம். ஹெல்மெட்டும் கவசச் சட்டையும் அணிந்த ஒரு நிருபர் எல்லைப்புற ஊர் ஒன்றில் கையை வீசி வீசி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர் பால் கேனைக் கட்டிய சைக்கிளை நிதானமாக மிதித்துக்கொண்டு திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போனார். அவரை விலகச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை போலும்.